தனியே சமைக்கும் முதியோரின் குசினி: காஸ், மிச்சச் சோறு, மீன், தீப்புண்

உடுவில் மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது கடந்துவிட்டது. அப்பா காலமான பின்னர் யாழ்ப்பாணத்து உடுவிலில் எங்கள் வீட்டில் தனியே இருக்கிறார். பிள்ளைகள் நாங்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலுமாக இருக்கிறோம். தன் குசினியை விட்டு எங்களிடம் வந்து இருக்க அவருக்கு மனமில்லை. அந்த மனத்தை மாற்ற வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இப்போது இல்லை. ஆனால் சென்ற முறை வீட்டில் தங்கி நின்று அவர் சமைப்பதைப் பார்த்தபோது சில விடயங்கள் என்னை உறுத்தின.

காலையில் ஒரே தடவையாகச் சமைத்து முடிக்கிறார். சோறு இரவுவரை மின்சோற்றுப் பானையிலேயே கிடக்கிறது. மின்செலவு கூடும் என்று ஆளியை நிறுத்தியும் விடுகிறார். சொதியும் மீன்குழம்பும் சட்டியோடு மேசையில் மூடி வைக்கப்பட்டு, பின்னேரம் ஒரு முறை சூடாக்கப்படுகின்றன. குசினியைப் புதுப்பித்தபோது சிலிண்டரை மறைப்பதற்கென்றே அடுப்புத் தட்டின் கீழ் கதவு வைத்த அலுமாரி ஒன்று கட்டினோம். சிலிண்டர் அதற்குள் இருக்கிறது. அம்மாவுக்கு மணம் அறியும் திறன் வெகுவாகக் குறைந்துவிட்டது, பக்கத்தில் கருவாடு பொரித்தாலும் தெரியவில்லை என்கிறார். கோடியில் இருக்கும் பழைய விறகுக் குசினி இப்போது சாமான் அறை. அங்கே மண்ணெண்ணெய் பழைய சோடாப் போத்தலில் நிற்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்குப் பேரப்பிள்ளைகள் வரவிருக்கிறார்கள்.

அம்மாவின் சுதந்திரத்தைப் பறிக்காமல் முதலில் எதை மாற்றுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

அடுப்புத் திருத்துநர், கொக்குவில்:

சகோதரி, நான் முதலில் கைவைக்கச் சொல்வது அந்த அலுமாரியில்தான். நாம் பயன்படுத்தும் காஸ் புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டின் கலவை. முன்னது காற்றைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாரமானது, பின்னது இரு மடங்கு. ஆகவே கசிகின்ற காஸ் மேலெழுந்து யன்னலால் போய்விடும் என்று நம்பியிருக்க முடியாது. அது தரையோடு படர்ந்து, மூடிய அலுமாரிக்குள்ளும் கழிவுநீர்க் குழிக்குள்ளும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் கலந்தாலே அது தீப்பற்றக்கூடிய நிலைக்கு வந்துவிடும். தீக்குச்சி உரசத்தான் வேண்டும் என்றில்லை. மின்விளக்கின் ஆளியைத் தட்டும்போதும், குளிர்சாதனப் பெட்டி தானாக இயங்கத் தொடங்கும்போதும் எழும் சிறு பொறியே போதும்.

சிலிண்டரைச் சுவருக்கு வெளியே, நிழலான இடத்தில், நிமிர்ந்த நிலையில் வையுங்கள். மழைக்கு மேலே ஒரு கூரையும், கீழ்ப்புறம் காற்றோட்டத்துக்குத் திறந்த கம்பிவலையும் உள்ள சிறு கூடு போதுமானது. அருகில் வடிகாலோ கிணற்றடிப் பள்ளமோ இருக்கக்கூடாது. ஒருவருக்கு மட்டும் சமைக்கும் வீட்டில் 12.5 கிலோ சிலிண்டர் தேவைதானா என்றும் யோசியுங்கள். 5 கிலோ சிலிண்டரை முதியவர் ஒருவர் உருட்டி இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

றப்பர்க் குழாயை விளக்கு வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. எங்கள் ஊர்களில் எலி கடித்த குழாய்களையும் நான் அடிக்கடி காண்கிறேன். சிலிண்டருக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் அது கடித்திருக்கும். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் றெகுலேற்றர் பொருந்தும் இடத்திலும் குழாயின் இரு முனைகளிலும் சவர்க்கார நுரையைத் தடவுங்கள். குமிழ் ஊதிப் பெரிதாகிற இடத்தில் கசிவு இருக்கிறது. நெருப்புக்குச்சியைக் கொளுத்திக் காட்டிச் சோதிக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்புகளில் வெடிப்புகளும் தீப்பற்றல்களும் அடுத்தடுத்து நிகழ்ந்ததை எல்லோரும் அறிவோம். சிலிண்டரில் அடைக்கப்பட்ட கலவையின் விகிதம் பற்றி அப்போது பெரிய கேள்வி எழுந்தது. ஒரே வெப்பநிலையில் புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனின் அமுக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமென்பதால், கலவை மாறினால் நைந்த குழாயும் தேய்ந்த வாசரும் முதலில் விட்டுக்கொடுக்கும். கலவை நம் கையில் இல்லை; குழாயும் வாசரும் நம் கையில் இருக்கின்றன.

சங்கானை வாசகர்:

கேட்பவருடைய கவலை நியாயமானது. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆச்சிமார் மண்சட்டியில் வைத்த மீன்குழம்பை மறுநாள் காலையிலும் சாப்பிட்டார்கள். பழஞ்சோற்றில் தயிரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்து குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் இந்தக் குடாநாடு முழுவதும் உணவு நஞ்சாகி மடியவில்லை. அந்த அம்மா செய்வது காலங்காலமாக வந்த முறை. இருந்த பழக்கத்தைக் குழப்பி எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடைக்கச் சொல்வதுதான் தீர்வு என்று எனக்குத் தோன்றவில்லை.

முன்னாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்:

சங்கானை அன்பருடைய கருத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அவர் சொல்கிற பழஞ்சோறும், மின்சோற்றுப் பானையில் ஆளி நிறுத்தப்பட்டு இரவுவரை கிடக்கிற சோறும் ஒன்றல்ல. பழஞ்சோறு ஆறியபின் சுத்தமான தண்ணீர் விட்டு மூடி வைக்கப்படுவது. இரவில் நொதித்துப் புளிப்பேறுவதால் பல கிருமிகள் பெருகுவது மட்டுப்படுகிறது. பானையில் கிடக்கும் சோற்றுக்குப் புளிப்பும் இல்லை, போதிய சூடும் இல்லை. தடித்த மூடிக்குள் மணிக்கணக்காக இளஞ்சூட்டிலேயே இருக்கிறது. கிருமி வளர்வதற்கு இதைவிட வசதியான நிலை கிடையாது.

பசில்லஸ் சீரியஸ் என்ற பக்ரீரியாவின் வித்திகள் அரிசியிலேயே உண்டு; அவை சோறு கொதித்தாலும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் நிற்கும்போது முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சொன்றைச் சுரக்கின்றன. அந்த நச்சு 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 90 நிமிடம் வைத்தாலும் அழிவதில்லை என்று ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். வீட்டடுப்பில் திரும்பச் சூடாக்குவதால் அதை ஒன்றும் செய்ய முடியாது. நம்மவர்கள் ‘ஒருக்காக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரி’ என்று நம்பியிருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கொதிப்பு கிருமியைக் கொல்லும். கிருமி ஏற்கெனவே விட்டுச் சென்றதை எல்லா வேளையிலும் அகற்றாது.

உலக சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான ஐந்து விதிகளில் ஒன்று, சமைத்த உணவை 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதாகும். நண்பகலில் நம் குசினிகளின் வெப்பநிலை 30 பாகையைத் தாண்டி நிற்கிறது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரவுக்கான சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, மூடியுள்ள பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும், இரவில் ஆவி பறக்கும்வரை சூடாக்க வேண்டும். சொதி விடயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். தேங்காய்ப்பால் விட்ட, புளி சேராத கறி எதுவானாலும் வேகமாகப் பழுதாகும். ஒரு நேரத்துக்கு அளவாக வைத்து அந்த நேரத்திலேயே முடிப்பது நல்லது. புளிக்குழம்பு சற்றுத் தாக்குப்பிடிக்கும்.

தண்ணீரையும் மறக்க வேண்டாம். நம் கிணறுகள் சுண்ணாம்புக் கற்பாறை நீரில் நிற்கின்றன. மலசலகூடக் குழியிலிருந்து கிணற்றுக்குக் கிருமி வர நெடுநாள் எடுக்காது. நெருப்புக்காய்ச்சல் இந்த மாவட்டத்துக்குப் புதிய நோயல்ல. குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். தோட்டப் பசளையால் நைத்திரேற்று ஏறிய கிணறுகள் வலிகாமத்தில் உண்டு. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். வருகிற பேரப்பிள்ளைகளில் போத்தற்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால் கிணற்று நீரைப் பரிசோதிக்காமல் பால்மா கரைக்க வேண்டாம். நைத்திரேற்றுக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை.

பாசையூர்க் கரையோன்:

மீனைப் பற்றி நான் சொல்ல வேண்டும், அது எங்கள் தொழில். சூரை, கும்பிளா, சாளை, கீரி போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்ரிடீன் என்ற பொருள் நிறைய உண்டு. பிடித்த மீன் வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் பக்ரீரியா அதை ஹிஸ்ரமீன் ஆக்கிவிடும். அதன்பின் பொரித்தாலும், குழம்பு வைத்தாலும், உறையவைத்தாலும் ஹிஸ்ரமீன் போகாது. பரிசோதகர் ஐயா சோற்றுக்குச் சொன்னது இதற்கும் அப்படியே பொருந்தும். சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு கடித்து, நெஞ்சு படபடக்கும். பலர் இதை ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வாயில் வைத்தவுடன் மிளகு கடித்ததுபோல நாக்கு சுணைத்தால் அந்தத் துண்டைத் துப்பிவிடுங்கள்.

வீட்டுப் படலைக்கு வருகிற வியாபாரியிடம் வாங்கும்போது அம்மா மீனைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். மீன் குளிர்ந்திருக்க வேண்டும். பூவை, அதாவது செவுளை, தூக்கிப் பார்த்தால் சிவப்பாகவும் வழுவழுப்புக் குறைவாகவும் இருக்க வேண்டும். விரலால் அழுத்திய இடம் உடனே நிமிர வேண்டும். வாங்கிய கையோடு பூவையும் குடலையும் எடுத்துக் கழுவி, பெட்டிக்குள் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும்; மேல்தட்டில் வைத்தால் பச்சை மீன்நீர் சமைத்த உணவில் வடியும். மஞ்சளும் உப்பும் பிரட்டி மேசையில் வைத்தால் போதும் என்பது பிழையான நம்பிக்கை. கலவை மீன் மலிவாகக் கிடைத்தால் அதில் பேத்தை இருக்கிறதா என்று பார்த்து எறிந்துவிடுங்கள். அதன் நஞ்சுக்கு நெருப்பு எடுபடாது, முறிமருந்தும் இல்லை.

மனையியல் ஆசிரியை, வேலணை:

சங்கானை அன்பர் சொன்ன ஆச்சிமாருடைய குசினியில் நானும் வளர்ந்தேன். அந்தக் குசினி பாதுகாப்பாக இருந்ததற்குக் காரணங்கள் இருந்தன. அது வீட்டை விட்டு ஒதுங்கி நின்றது. கூரைக்கும் சுவருக்கும் இடையே புகை போக வழி இருந்தது. வீட்டில் பத்துப்பேர் இருந்ததால் சமைத்தது அந்தந்த நேரத்திலேயே முடிந்தது. மிஞ்சியது பழஞ்சோறாயிற்று, அல்லது மாட்டுக்குப் போயிற்று. இன்று கதவடைத்த குசினியில், காஸ் அடுப்பில், ஒரே ஆள் மூன்று நேரத்துக்கும் சேர்த்துச் சமைக்கிறார். பழக்கம் அப்படியே இருக்கிறது. அதைத் தாங்கிநின்ற ஏற்பாடு இல்லாமற் போய்விட்டது. முதியவர்களிடம் இதை இப்படியே எடுத்துச் சொன்னால் அவர்கள் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் அனுபவம். ‘உங்கள் முறை பிழை’ என்று தொடங்கினால் எவரும் காது கொடுக்க மாட்டார்கள்.

பழைய முறைகளில் இன்றும் கைவிடக் கூடாதவை பல உண்டு. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, அந்த நீரை வடித்துப் பிழிந்த பின்பே கூழுக்கும் பிட்டுக்கும் எடுப்பது காறல் போவதற்காக மட்டுமன்று. பச்சை ஒடியலில் உடம்புக்குத் தீங்கான பொருள்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவசரத்துக்கு அந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். மரவள்ளிக்கிழங்கைத் தோலும் உட்பட்டையும் நீக்கி, மூடாமல் அவித்து, அவித்த நீரை ஊற்றிவிடுவதும் அப்படித்தான். அதிலிருந்து வெளிப்படும் ஐதரசன் சயனைட்டு 26 பாகையிலேயே கொதித்து ஆவியாவதால், திறந்த பானையில் அது ஆவியோடு போய்விடும். கைக்கும் கிழங்கை அப்படியே எறிந்துவிடுங்கள்.

காஸ் கிடைக்காத 2022இல் நம்மில் பலர் விறகடுப்புக்குத் திரும்பினோம். அடுப்பு மூட்ட மண்ணெண்ணெய் ஊற்றுவது அப்போது பரவலாயிற்று. தணல் இருப்பது தெரியாமல் மேலே ஊற்றினால், எழுகிற ஆவி பற்றி நெருப்பு கையிலுள்ள போத்தல்வரை ஏறிவரும். தென்னம் பன்னாடையும் காய்ந்த கொக்காரையும் வளவில் கிடக்கும்போது மண்ணெண்ணெய் எதற்கு?

சங்கானை வாசகர்:

ஆசிரியை அம்மா சொன்ன விளக்கத்தை ஏற்கிறேன். மண்ணெண்ணெய்ப் போத்தலைப் பற்றி என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் ஜாம் போத்தலில் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு துளியையும் பூட்டிக் காத்தோம். இன்று அது குடிக்கும் போத்தல்களில் நிற்கிறது. தெற்கில் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, போத்தல் விளக்குகள் சரிந்து எரிந்த நோயாளிகளைக் கண்டு, கட்டையான, இரு பக்கமும் தட்டையான, திருகு மூடியுள்ள விளக்கொன்றை வடிவமைத்தார்; அதற்காக 1998இல் சர்வதேச விருதும் பெற்றார். சரிந்தாலும் உருளாது, எண்ணெய் சிந்தாது. மின்தடைக்கு இன்னும் எண்ணெய் விளக்கு வைத்திருப்பவர்கள் அந்த வடிவத்தையாவது தேடிப் பிடியுங்கள். மின்கல விளக்கு இருந்தால் இன்னும் நல்லது.

தாதி, திருநெல்வேலி:

சிறுவர் மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வெளியே வரும்போது அது நுரையீரலுக்குள் போவதுதான் பேராபத்து. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் போத்தலை இன்றே அப்புறப்படுத்தி, இறுக மூடும் தகரக் கலனில் ஊற்றிப் பெயர் ஒட்டி, பூட்டிய இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், தங்கச்சி.

தீப்புண்ணைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் முதல் அரை மணித்தியாலத்தில் வீட்டில் செய்வதும் செய்யாததும் பின்னர் நாங்கள் செய்கிற எல்லாவற்றையும் பாதிக்கிறது. பிட்டுக்குழலின் ஆவி, இடியப்பத் தட்டைத் தூக்கும்போது மணிக்கட்டில் அடிக்கும் ஆவி, சோறு வடிக்கும்போது சரியும் கொதிகஞ்சி, தாச்சியில் தெறிக்கும் எண்ணெய் ஆகியவையே வழக்கமான காரணங்கள். சுட்ட இடத்தை உடனே ஓடும் சாதாரண நீரின் கீழ் பிடித்து 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். இருபது நிமிடம் என்பது நீண்ட நேரம். வலி குறைந்ததும் எடுத்துவிடத் தோன்றும், எடுக்க வேண்டாம். சுட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. குழாய் இல்லாத வீட்டில் கிணற்று நீரை வாளியில் அள்ளி மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். வீங்குமுன் காப்பையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது. பற்பசை, முட்டை வெள்ளைக்கரு, தேங்காயெண்ணெய், நீலமை எதையும் பூச வேண்டாம். அவை சூட்டை உள்ளே பிடித்து வைக்கும், நாங்கள் கழுவி எடுக்கும்போது நோயாளி படும் வேதனை பெரிது. சுத்தமான பருத்தித் துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள். முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலும், நோயாளியின் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வரும். அந்த இலக்கத்தைக் குசினிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

எண்ணெய்த் தாச்சி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் போன நீர் நொடியில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை எறியும். அடுப்பை நிறுத்தி, தட்டமான மூடியொன்றைப் பக்கவாட்டாகத் தள்ளி மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். அம்மா உடுப்பது நைலோன் உடுப்பானால் சமைக்கும் நேரத்துக்காவது பருத்திக்கு மாறட்டும். நைலோன் உருகித் தோலோடு ஒட்டும். முதியவர்களில் தீப்புண்ணைப்போலவே வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து வருபவர்களையும் பார்க்கிறோம். அடுப்படிக்கும் நீர்த்தொட்டிக்கும் இடையே தரை ஈரமாக இருக்கிறதா, படியில் வெளிச்சம் போதுமா என்றும் பார்த்துவிடுங்கள்.

உடுவில் மகள்:

ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அம்மா சொன்ன முறையிலேயே அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன். ‘ஓம், அப்போது பத்துப்பேர் இருந்தோம்’ என்று அவரே சொன்னார். சோற்றைப் பரப்பி ஆறவைத்துப் பெட்டியில் வைக்கவும், சொதியை ஒரு நேரத்துக்கு மட்டும் வைக்கவும் இணங்கிவிட்டார். அண்டை வீட்டுத் தம்பி மண்ணெண்ணெயை அப்புறப்படுத்தியதோடு, சிலிண்டர்க் கூட்டுக்கு மேசன் ஒருவரையும் ஒழுங்கு செய்திருக்கிறார். எஞ்சியிருப்பது ஒரு கேள்வி. மணம் அறியாத ஒருவருக்கு, சிலிண்டர் வெளியே போன பின்னும் அடுப்பிலிருந்து கசியும் காஸை எப்படி உணர்த்துவது?

அடுப்புத் திருத்துநர், கொக்குவில்:

சகோதரி, காஸில் வேண்டுமென்றே கலக்கப்படும் எதைல் மேர்காப்ரன் என்ற நாற்றப்பொருளை நம்பித்தான் நாமெல்லாம் சமைக்கிறோம். மூக்கு உதவாதவருக்கு அந்தக் காவல் இல்லை. இரண்டு ஏற்பாடுகள் செய்யுங்கள். முதலாவது, சுடர் அணைந்தால் தானாகவே காஸை அடைக்கும் பாதுகாப்புப் பொறி உள்ள அடுப்பை வாங்குங்கள். பால் பொங்கி வழிந்து சுடர் அணைவதும், அதை அறியாமல் காஸ் வந்துகொண்டிருப்பதும் முதியவர் வீடுகளில் அடிக்கடி நேர்கிறது. வாங்கும்போது கடையிலேயே அடுப்பைப் பற்றவைத்து, சுடரை ஊதி அணைத்து, சற்று நேரத்தில் உள்ளே அடைபடும் சிறு ஒலி கேட்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, ஒலி எழுப்பும் காஸ் உணரி. அதைத் தரையிலிருந்து 30 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட உயரத்தில் பொருத்த வேண்டும். கூரையருகே பொருத்தினால் பயனில்லை. வாசற்கதவின் காற்று நேரே அடிக்காத பக்கமாகவும், தரை கழுவும் நீர் தெறிக்காத இடமாகவும் பாருங்கள். மின்தடையிலும் இயங்க மின்கலம் உள்ளதாக இருக்கட்டும். உணரியின் ஆயுள் சில ஆண்டுகள்தான். மாற்ற வேண்டிய திகதி அதன் முதுகில் இருக்கும், அதை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அது ஒலித்தால் எந்த ஆளியையும் போடாமலும் நிறுத்தாமலும் கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்து, கூட்டில் சிலிண்டரை மூட வேண்டும். பொருத்திய அன்றே அம்மாவை இரண்டு முறை அப்படிச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒலி அவருடைய படுக்கையறைக்குக் கேட்கிறதா என்பதையும் அவரையே படுக்கவைத்துச் சோதியுங்கள். கேட்காவிட்டால் அறைக்குள் இன்னொரு மணி இணைக்கலாம். அதை நான் வந்து செய்து தருகிறேன்.